டார்க் ஃபோட்டானை வானத்துல எப்படித் தேடுறாங்க? வாசகர் கேள்வி பதில்

போன இதழ்ல டார்க் மேட்டர் பத்தி, அதாவது கண்ணுக்குத் தெரியாம ஈர்ப்பு விசையால மட்டும் தெரியற பொருளைப் பத்தி எழுதினப்போ "அது டார்க் ஃபோட்டானாவும் இருக்கலாம்"னு ஒரு வரி சொல்லிட்டு அடுத்த விஷயத்துக்குப் போயிட்டோம். அந்த ஒரு வரியைப் புடிச்சுக்கிட்டு இவ்வளவு பேர் எழுதுவீங்கனு எதிர்பார்க்கல, ரொம்ப சந்தோஷமா இருக்கு. அதனால இந்த மாசம் பூரா அதுக்கே குடுத்துட்டேன். ஒரே மாதிரி வந்த கேள்விகளை ஒண்ணா சேத்துட்டேன், ஊர் பேரு மட்டும் போட்டிருக்கேன்.

சேலம் வாசகர்: "டார்க் ஃபோட்டான் இருக்குனு யார் சார் சொன்னது? டார்க் மேட்டரே என்னனு தெரியாதப்போ அதுக்குள்ள இன்னொரு பேரா?"

இருக்குனு யாரும் சொல்லலைங்க. இருக்கலாம், இருந்தா இப்படி இப்படித் தெரியணும்னு தான் சொல்றாங்க. டார்க் மேட்டர் இருக்குங்கறதுக்கு சாட்சி நிறைய. 1933-ல ஃபிரிட்ஸ் ஸ்விக்கி கோமா கேலக்ஸிக் கூட்டத்தைப் பாத்துட்டு, உள்ள இருக்கற கேலக்ஸிங்க ஓடுற வேகத்துக்கு கண்ணுக்குத் தெரியற எடை பத்தாதேன்னார், 1970-ல வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும் ஆண்ட்ரோமெடா சுத்துற வேகத்தை அளந்து போட்டாங்க, கடைசியா ப்ளாங்க் சாட்டிலைட் போட்ட கணக்குப்படி நம்ம அணுக்களால ஆன பொருள் பிரபஞ்சத்துல சுமார் 5 சதவீதம், டார்க் மேட்டர் அதை மாதிரி 5 மடங்குக்கு மேல. இவ்வளவும் அதோட ஈர்ப்பு விசையை வச்சு தெரிஞ்சது. எதால ஆனதுங்கறது மட்டும் தெரியல.

அந்த இடத்துல தான் டார்க் ஃபோட்டான் வருது. நமக்குத் தெரிஞ்ச மின்காந்த விசையைச் சுமந்துக்கிட்டுப் போறது ஃபோட்டான், அதுக்கு எடை கிடையாது. அதே மாதிரி இன்னொரு விசை, நம்ம எலக்ட்ரான் ப்ரோட்டான் எதையும் நேரடியா தொடாத விசை ஒண்ணு இருந்து, அதைச் சுமக்கற துகளுக்குக் கொஞ்சூண்டு எடையும் இருந்தா? அது தான் டார்க் ஃபோட்டான். 1982-லயே சோவியத் ரஷ்யாவுல லெவ் ஒகுன் இந்த மாதிரி ஒண்ணைப் பத்தி எழுதிருக்கார். 1986-ல பாப் ஹோல்டம் முக்கியமான ஒரு விஷயத்தைக் காட்டினார்: இப்படி ரெண்டு விசை பக்கத்துல பக்கத்துல இருந்தா, ரெண்டோட ஃபோட்டானும் ஒண்ணோட ஒண்ணு லேசா கலந்துடும். அந்தக் கலப்பு எவ்வளவுங்கறதுக்கு எப்சிலான்னு ஒரு நம்பர். அது பூஜ்யமா இல்லாம இருந்தா போதும், ரொம்ப ரொம்ப அபூர்வமா ஒரு டார்க் ஃபோட்டான் நம்ம ஃபோட்டானா மாறும், நம்மளுதும் அதுவா மாறும்.

அதனால இந்தத் தேடல்ல தெரியாதது ரெண்டே நம்பர் தான், டார்க் ஃபோட்டானோட எடை ஒண்ணு, எப்சிலான் ஒண்ணு. கீழ நான் சொல்லப்போற எல்லாமே இந்த ரெண்டையும் சுத்தி தான்.

யாழ்ப்பாணம் வாசகர்: "இவ்வளவு சின்ன எடை எண்டால் அது எப்படி ஐயா ஒரு கேலக்ஸியையே பிடிச்சு வைக்கும்?"

எண்ணிக்கையால தாங்க. நம்ம சூரியன் இருக்கற வட்டாரத்துல ஒரு கன சென்டிமீட்டருக்கு டார்க் மேட்டர் சுமார் 0.4 கிகா எலக்ட்ரான் வோல்ட் (எலக்ட்ரான் வோல்ட்ங்கறது துகளோட எடையைச் சொல்ற சின்ன அலகு, கிகான்னா அது மாதிரி 100 கோடி) இருக்குனு கேலக்ஸி நட்சத்திரங்களோட ஓட்டத்தை வச்சு கணக்குப் போட்டிருக்காங்க, அதாவது ஒரு ஹைட்ரஜன் அணுவோட எடையில பாதிக்கும் குறைவு. இப்போ டார்க் ஃபோட்டானோட எடை 1 எலக்ட்ரான் வோல்ட்டுல ஒரு கோடியில ஒரு பங்குனு வச்சுக்கோங்க. வகுத்துப் பாத்தா உங்க விரல் நுனி அளவு இடத்துல 40 கோடி கோடி டார்க் ஃபோட்டான் இருக்கணும். இவ்வளவு நெரிசலா இருந்தா தனித்தனி துகள்னு பாக்கவே முடியாது, எல்லாம் சேந்து ஒரு அலை மாதிரி, வெளி முழுக்க ரொம்ப மெல்லிசான ஒரு மின்புலம் ஒரே தாளத்துல ஆடிக்கிட்டு இருக்கற மாதிரி தான் நடந்துக்கும்.

அந்தத் தாளம் எவ்வளவு வேகம்ங்கறதை எடை தான் தீர்மானிக்குது. 1 மைக்ரோ எலக்ட்ரான் வோல்ட் எடைன்னா 242 மெகாஹெர்ட்ஸ். டார்க் மேட்டர் கேலக்ஸிக்குள்ள வெளிச்ச வேகத்துல ஆயிரத்துல ஒரு பங்கு வேகத்துல தான் திரியுது, அதனால அதோட ஃப்ரீக்வென்சி 10 லட்சத்துல ஒரு பங்கு தான் அங்கிட்டு இங்கிட்டு நகரும். அதாவது அது ஃபோட்டானா மாறினா, ரேடியோ ஸ்பெக்ட்ரத்துல ஊசி மாதிரி ஒரே ஒரு கோடு வரணும், அகலமா பரவின இரைச்சலா வராது. தேடுறவங்களுக்குக் கிடைச்சிருக்கற பெரிய வசதி இது.

மதுரை வாசகர்: "நம்மகிட்ட ஒட்டாத பொருளை டெலஸ்கோப்புல எப்படிப் பாக்கறது? லேப்ல தேடாம ஏன் வானத்தைப் பாக்கறாங்க?"

லேப்லயும் தேடுறாங்க, ஆனா வானத்துல இருக்கற ஒரு வசதி லேப்ல லேசுல கிடைக்காது. அது என்னன்னா ப்ளாஸ்மா. எலக்ட்ரான்கள் கட்டவிழ்ந்து திரியற இடம் தான் ப்ளாஸ்மா. அதுக்குள்ள ஃபோட்டான் போகும்போது சுத்தி இருக்கற எலக்ட்ரான்களையும் ஆட்டிக்கிட்டே போகணும், அதனால வெற்றிடத்துல எடையே இல்லாத ஃபோட்டான் ப்ளாஸ்மாவுக்குள்ள எடை உள்ளது மாதிரி நடந்துக்கும். எலக்ட்ரான் நெருக்கம் கூடக் கூட அந்த எடையும் கூடும். நெருக்கத்தோட வர்க்கமூலத்தை 9 ஆல பெருக்கினா அந்த ப்ளாஸ்மாவோட ஃப்ரீக்வென்சி கிலோஹெர்ட்ஸ்ல வரும், நெருக்கத்தை ஒரு கன சென்டிமீட்டருக்கு எத்தனை எலக்ட்ரான்னு எடுத்துக்கணும். நம்ம தலைக்கு மேல அயனமண்டலத்துல பகல்ல ஒரு கன சென்டிமீட்டருக்கு 10 லட்சம் எலக்ட்ரான் வரைக்கும் இருக்கும், கணக்குப் போட்டா 9 மெகாஹெர்ட்ஸ். சிற்றலை வானொலி வானத்துல பட்டுத் திரும்பி கடல் தாண்டிக் கேட்டதுக்கும் இதே இயற்பியல் தான் காரணம்.

இப்போ விஷயத்துக்கு வர்றேன். டார்க் ஃபோட்டானோட எடையும், ஒரு இடத்துல ப்ளாஸ்மா ஃபோட்டானுக்குக் குடுக்கற எடையும் அச்சா ஒண்ணா இருந்தா, அந்த இடத்துல மட்டும் மாற்றம் பல மடங்கு ஜாஸ்தியா நடக்கும், இதை ரெசனன்ஸ்னு சொல்றாங்க. பழைய ரேடியோவுல குமிழைத் திருகிக்கிட்டே வரும்போது ஸ்டேஷன் சரியா பொருந்துற இடத்துல மட்டும் பாட்டு கணீர்னு கேக்குமே, அதே கதை. டார்க் ஃபோட்டான் எந்த ஸ்டேஷன்ல இருக்குனு நமக்குத் தெரியாது, ஆனா வானத்துல எல்லா நெருக்கத்துலயும் ப்ளாஸ்மா இருக்கு, சூரியனைச் சுத்தி, கேலக்ஸிக்கு நடுவுல, பிரபஞ்சத்தோட பழைய காலத்துல, அதனால இயற்கையே குமிழைத் திருகிக்கிட்டு இருக்கு, நாம காதைக் குடுத்தா போதும்.

திருநெல்வேலி ஆசிரியை: "சூரியன்ல தேடினதா செய்தியில பாத்தேன், பிள்ளைங்களுக்குச் சொல்ற மாதிரி கொஞ்சம் விரிவா சொல்ல முடியுமா?"

சொல்றேன் டீச்சர், எனக்கு ரொம்பப் பிடிச்ச வேலை இது. கிரகணத்தப்போ சூரியனைச் சுத்தி வெள்ளையா தெரியுமே, கரோனா, அது மொத்தமும் ப்ளாஸ்மா. சூரியனுக்குக் கிட்ட நெருக்கமா இருக்கும், தள்ளிப் போகப் போக இளைச்சுக்கிட்டே போகும். அப்போ டார்க் ஃபோட்டானோட எடை என்னவா இருந்தாலும், ஒரு குறிப்பிட்ட எல்லைக்குள்ள இருந்துட்டா போதும், கரோனாவுல ஏதோ ஒரு உயரத்துல அதுக்குப் பொருத்தமான நெருக்கம் இருந்தே தீரும். அந்த உயரத்துல சூரியனைச் சுத்தி மெல்லிசா ஒரு கூடு, அந்தக் கூட்டுல தான் டார்க் ஃபோட்டான் ரேடியோ அலையா மாறும். 30 மெகாஹெர்ட்ஸ்னா ஒரு கன சென்டிமீட்டருக்கு சுமார் 1.1 கோடி எலக்ட்ரான், 80 மெகாஹெர்ட்ஸ்னா சுமார் 8 கோடி, இதெல்லாம் சூரிய மேற்பரப்புலேர்ந்து சில லட்சம் கிலோமீட்டர் உயரத்துல கிடைக்கற நெருக்கம்.

இந்த யோசனையை ஹைபெங் ஆன், ஜியா லியு, அவங்களோட சேந்தவங்க முதல்ல கணக்கா எழுதினாங்க, 2021-ல வந்துச்சு. அப்புறம் நெதர்லாந்துல இருக்கற லோஃபார்ங்கற ரேடியோ டெலஸ்கோப் சூரியனைப் பாத்த டேட்டாவை எடுத்து நிஜமாவே தேடி 2024-ல வெளியிட்டாங்க. லோஃபார்னா பெரிய தட்டுனு நினைக்காதீங்க. எக்ஸ்லோங்கற கிராமத்துக்குப் பக்கத்துல புல்வெளியில, ஆள் உயரத்துக்கு ஒரு குழாய், அதோட உச்சியிலேர்ந்து நாலு பக்கமும் தரையைப் பாத்து இழுத்துக் கட்டின கம்பி, அவ்வளவு தான் ஒரு ஆண்டெனா, அது மாதிரி ஆயிரக்கணக்குல. எல்லாத்துலேர்ந்தும் வர்ற சிக்னலை கம்ப்யூட்டர்ல சேத்து ஒரே டெலஸ்கோப் ஆக்கறாங்க.

தேடுனது 30-லேர்ந்து 80 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும். கஷ்டம் எங்க இருந்துச்சுன்னா, அலை பொறந்த இடமே ப்ளாஸ்மாவோட எல்லை, அங்கேர்ந்து வெளிய வர்றதுக்குள்ள கரோனாவோட கொந்தளிப்புல சிதறி, கொஞ்சம் உறிஞ்சப்பட்டு, திசையெல்லாம் மாறி தான் நம்மகிட்ட வரும். அதை விட்டுட்டு கணக்குப் போட்டா பதில் தப்பா போயிடும், அதனால ஒவ்வொரு கதிரா கம்ப்யூட்டர்ல ஓட்டிப் பாத்து எவ்வளவு தப்பிச்சு வருதுனு கணக்கு எடுத்தாங்க, இந்த மாதிரி பொறுமையான வேலை தான் என்னைக் கவருது. ஊசி மாதிரி கோடு எதுவும் வரல. அதுலேர்ந்து என்ன தெரிஞ்சதுன்னா, அந்த எடை எல்லைக்குள்ள டார்க் மேட்டர் டார்க் ஃபோட்டானா இருந்தா எப்சிலான் 10 லட்சம் கோடியில ஒரு பங்கு அளவுக்கு மேல இருக்க முடியாது. இதுக்கு முன்னாடி பிரபஞ்சப் பின்னணிக் கதிரை வச்சுப் போட்டிருந்த எல்லையை விட இது சுமார் 10 மடங்கு இறுக்கம்.

10 மெகாஹெர்ட்ஸுக்குக் கீழ போனா நம்ம அயனமண்டலமே கதவை மூடிடும், தரையிலேர்ந்து கேக்க முடியாது. அதுக்கு பார்க்கர் விண்கலத்தோட டேட்டாவைப் பயன்படுத்தறாங்க. 2018-ல கிளம்பி, 2024 டிசம்பர் 24-ஆம் தேதி சூரிய மேற்பரப்புலேர்ந்து 61 லட்சம் கிலோமீட்டர் கிட்ட போயிட்டு வந்துச்சே, அதே விண்கலம் தான். அது கரோனாவுக்கு உள்ளயே போறதால அலை மாறின இடத்துலயே, வழியில சிதறி வீணாகாம, ஆண்டெனாவை நீட்டிக் கேக்கலாம்.

கோயம்புத்தூர் வாசகர்: "பிரபஞ்சப் பின்னணிக் கதிர்னு சொன்னீங்களே, அதுக்கும் டார்க் ஃபோட்டானுக்கும் என்ன சம்பந்தம்?"

பிரபஞ்சம் பொறந்து சுமார் 3,80,000 வருஷத்துல, அது 3000 கெல்வின் சூட்டுக்கு ஆறினப்போ எலக்ட்ரான்கள் ப்ரோட்டானோட சேந்து அணுவாச்சு, வெளிச்சம் தங்குதடை இல்லாம கிளம்புச்சு, அது தான் இன்னிக்கு 2.725 கெல்வின்ல மைக்ரோவேவா எல்லாத் திசையிலேர்ந்தும் வருது. 1989 நவம்பர் 18-ல நாசா கோபே சாட்டிலைட்டை அனுப்புச்சு. அதுல ஃபிராஸ்னு ஒரு கருவி, அதோட வேலை ஒண்ணே ஒண்ணு, வானத்துலேர்ந்து வர்ற கதிரையும் கருவியில வச்சிருக்கற, சூடு கச்சிதமா தெரிஞ்ச கரும்பொருளோட (மேல படற கதிர் எல்லாத்தையும் உறிஞ்சிக்கிட்டு, தன் சூட்டுக்கு ஏத்த கதிரை மட்டும் விடற பொருள்) கதிரையும் மாத்தி மாத்தி ஒப்பிட்டுக்கிட்டே இருக்கறது. 1990 ஜனவரியில ஜான் மாதர் அமெரிக்க வானியல் சங்கக் கூட்டத்துல வெறும் 9 நிமிஷ டேட்டாவை ஒரே ஒரு கிராஃபா போட்டுக் காட்டினார், அளவெடுத்த புள்ளிகள் எல்லாம் தியரி கோட்டு மேலயே உக்காந்திருந்துச்சு, பாத்தவங்க எழுந்து நின்னு கை தட்டினாங்க. 2006-ல அவருக்கும் ஜார்ஜ் ஸ்மூட்டுக்கும் நோபல் கிடைச்சது. முழு டேட்டாவையும் அலசினப்புறம் அந்தக் கதிர் சுத்தமான கரும்பொருள் வளைவுலேர்ந்து 20,000-ல ஒரு பங்கு கூட விலகலனு தெரிஞ்சது.

இந்தச் சுத்தம் தான் நமக்குச் சாட்சி. பிரபஞ்சம் விரியும்போது எலக்ட்ரான் நெருக்கம் குறைஞ்சுக்கிட்டே வருது, அணு உண்டாகறதுக்குக் கொஞ்சம் முன்னாடி ஒரு கன சென்டிமீட்டருக்குச் சில நூறு, இன்னிக்கு சராசரியா நாலஞ்சு கன மீட்டர் இடத்துக்கே ஒரு எலக்ட்ரான் தான். அப்படின்னா ப்ளாஸ்மா எடையும் பெரிய எல்லையைக் கடந்து வந்திருக்கு, நடுவுல அணுவாகி சடார்னு விழுந்து, முதல் நட்சத்திரங்கள் வந்தப்புறம் அணுவெல்லாம் மறுபடி உடைஞ்சு ஏறியிருக்கு. இந்த எல்லைக்குள்ள டார்க் ஃபோட்டானுக்கு எடை இருந்தா எப்பவோ ஒரு காலத்துல பொருத்தம் வந்திருக்கும், அப்போ பின்னணிக் கதிர்லேர்ந்து கொஞ்சம் ஃபோட்டான் டார்க் ஃபோட்டானா மாறித் தொலைஞ்சு போயிருக்கும், அந்த அழகான வளைவுல ஒரு பள்ளம் தெரிஞ்சிருக்கும். பள்ளம் இல்ல. 2009-ல மிரிஸ்ஸி, ரெடோண்டோ, சீக்ல் மூணு பேரும் இதை வச்சு எப்சிலானுக்கு எல்லை போட்டாங்க. 2020-ல கபுட்டோ, லியு, மிஷ்ரா-ஷர்மா, ருடர்மன் வந்து, பிரபஞ்சம் ஒரே சீரா இல்லையே, சில இடம் நெருக்கம் சில இடம் வெற்றுவெளி, அதையும் கணக்குல சேக்கணும்னு சொல்லி திரும்பப் போட்டாங்க.

இதுல ஒண்ணைக் கவனிங்க, நிறைய பேர் குழப்பிக்கறாங்க. இந்த எல்லை, டார்க் ஃபோட்டான் டார்க் மேட்டரா இல்லாட்டியும் செல்லும், ஏன்னா இங்க மாறிப் போறது நம்ம ஃபோட்டான். சூரியன்ல தேடினது அப்படி இல்ல, அங்க நம்மளைச் சுத்தி டார்க் ஃபோட்டான் ஏற்கெனவே நிறைஞ்சிருக்கணும், அதாவது அது தான் டார்க் மேட்டரா இருக்கணும். ரெண்டு தேடலோட முடிவையும் ஒரே படத்துல போட்டு எல்லாம் ஒண்ணுனு நினைச்சுடக் கூடாது.

தஞ்சாவூர் வாசகி: "எங்கயாவது லேசா ஒரு அறிகுறியாச்சும் கிடைச்சிருக்கா?"

ரெண்டு தடவை ஆவலா பாத்திருக்காங்கம்மா. ஒண்ணு வானத்துல, ஒண்ணு மலைக்கு அடியில.

வானத்துல நடந்தது இது. குவாசர்ங்கற ரொம்பப் பிரகாசமான தூரத்து கேலக்ஸி மையத்துலேர்ந்து வர்ற வெளிச்சம் நடுவுல இருக்கற ஹைட்ரஜன் வாயுவுல பட்டு, ஸ்பெக்ட்ரத்துல கோடு கோடா இருட்டு விழும், லைமன் ஆல்ஃபா காடுனு சொல்லுவாங்க. வாயு சூடா இருந்தா கோடு அகலமா இருக்கும். ஹபிள்ல 2009-ல மாட்டின காஸ்ங்கற கருவி நமக்குக் கிட்டத்துப் பிரபஞ்சத்துல அளந்தப்போ, கம்ப்யூட்டர் மாடல் சொன்னதை விட கோடுங்க அகலமா இருந்துச்சு. யாரோ வாயுவைக் கூடுதலா சூடாக்கியிருக்காங்க. 2022-ல போல்டன், கபுட்டோ, லியு, வியல் நாலு பேரும், டார்க் ஃபோட்டான் டார்க் மேட்டர் அந்த மெல்லிசான வாயுவுல மாறி சூட்டைக் குடுத்திருந்தா கணக்கு சரியா வருதுனு காட்டினாங்க, எடை கூட சொன்னாங்க, ஒரு எலக்ட்ரான் வோல்ட்டுல 10-இன் மைனஸ் 14 அடுக்கைப் போல 8 மடங்கு. ஆனா வாயுவோட கொந்தளிப்பாலயும் கோடு அகலமாகலாம், நமக்குத் தெரியாத சாதாரண சூடு வேற இருக்கலாம். என்னைக் கேட்டா இது கவனிச்சுப் பாக்க வேண்டிய விஷயம், கொண்டாட வேண்டிய விஷயம்னு சொல்ல மாட்டேன்.

மலைக்கு அடியில நடந்தது இத்தாலியில கிரான் சாஸ்ஸோவுல. டார்க் மேட்டர் துகள் வந்து மோதுதானு திரவ செனானை வச்சுப் பாக்கற செனான்1டிங்கற கருவியில 2020 ஜூன்ல, குறைஞ்ச எனர்ஜியில 232 நிகழ்வு எதிர்பாத்த இடத்துல 285 வந்துச்சு. டார்க் ஃபோட்டானா இருக்கலாம், சூரியன்லேர்ந்து வர்ற ஆக்ஸியான்ங்கற இன்னொரு கற்பனைத் துகளா இருக்கலாம், ட்ரிடியம்ங்கற கதிரியக்க ஹைட்ரஜன் கலந்திருக்கலாம்னு உலகம் பூரா பேப்பரா எழுதித் தள்ளினாங்க. அதுக்கப்புறம் கருவியைப் பெருசாக்கி, பின்னணி இரைச்சலை நல்லா குறைச்சு, செனான்என்டினு 2022-ல பாத்தப்போ அந்தக் கூடுதல் காணோம். இது நான் மேல சொன்னதை விட ரொம்ப கனமான டார்க் ஃபோட்டான், கிலோ எலக்ட்ரான் வோல்ட் கணக்கு, அந்த எடைக்கு வேற விதமாத் தான் தேடணும்.

வாயு சூடாகறதைப் பத்தி மேல சொன்னேனே, அதைத் திருப்பியும் போடலாம். லியோ டிங்கற குட்டி கேலக்ஸி, சுமார் 14 லட்சம் ஒளியாண்டு தூரத்துல, அதுல ஹைட்ரஜன் வாயு குளுமையா இருக்கு. கனமான தனிமங்கள் அங்க கம்மி, அதனால வாயு தன் சூட்டை வெளிய விடறது ரொம்ப மெதுவா தான். அப்படி இருக்கறப்போ டார்க் மேட்டர் கொஞ்சம் சூடு குடுத்தா கூட வாயு இந்நேரம் காய்ஞ்சிருக்கணும், காயல, அப்போ அவ்வளவு சூடு குடுக்கலைனு தானே அர்த்தம். திக்விஜய் வடேகரும் கிளெனிஸ் ஃபாராரும் போட்ட கணக்கு இது. கருவியே தேவைப்படல பாருங்க, குளுந்து கிடக்கற ஒரு கேலக்ஸியே சாட்சி சொல்லுது.

பெங்களூரு வாசகர்: "இதுல இந்தியாவோட பங்கு ஏதாவது இருக்கா?"

உங்க ஊர்க்காரங்க வேலை ஒண்ணு இதுல நேரடியா வந்து சேருது. 2018-ல ஆஸ்திரேலியாவுல எட்ஜஸ்ங்கற ஆண்டெனா, முதல் நட்சத்திரங்கள் எரிய ஆரம்பிச்ச காலத்து ஹைட்ரஜன் சிக்னல், ரேடியோ ஸ்பெக்ட்ரத்துல ஒரு பள்ளமா, 78 மெகாஹெர்ட்ஸ்ல கிடைச்சதா சொல்லுச்சு, ஆனா அந்தப் பள்ளம் எதிர்பாத்ததை விட ரெண்டு மடங்குக்கு மேல ஆழம். ஏன்னு கேட்டப்போ வந்த பதில்கள்ல ஒண்ணு டார்க் ஃபோட்டான் தான்: டார்க் மேட்டர் சிதைஞ்சு டார்க் ஃபோட்டானாகி, அது சாதா ஃபோட்டானா மாறி பின்னணி ரேடியோ வெளிச்சத்தைக் கூட்டியிருந்தா பள்ளம் ஆழமா தெரியும்னு போஸ்பெலோவ் குழு எழுதுச்சு.

அந்தப் பள்ளம் நிஜமானு பாக்கப் போனது பெங்களூரு ராமன் ஆராய்ச்சி நிறுவனத்தோட சாரஸ் 3ங்கற ரேடியோ ஆண்டெனா. தரையில வச்சா மண்ணுக்கு அடியில பாறை, ஈரம், ஒவ்வொரு அடுக்குலயும் அலை வேற வேற மாதிரி பட்டுத் திரும்பி சிக்னலைக் கெடுக்கும். அதனால ஆண்டெனாவைத் தெப்பத்துல வச்சு தண்ணி மேல மிதக்க விட்டாங்க, 2020-ல தண்டிகானஹள்ளி ஏரியிலயும் சராவதி அணைத் தண்ணியிலயும். கீழ ஒரே சீரான தண்ணி, அதனால ஆண்டெனா எப்படி நடந்துக்கும்னு கச்சிதமா கணக்குப் போட முடியும். 2022-ல ரிசல்ட்: எட்ஜஸ் சொன்ன வடிவம் வானத்துல இல்ல, 95.3 சதவீத உறுதி. அந்தப் பள்ளத்தை நம்பி எழுந்த டார்க் ஃபோட்டான் விளக்கத்துக்கும் இப்போ கால் ஊன இடமில்ல. ஏரியில மிதந்த ஒரு தெப்பம் உலகம் பூரா நடந்த ஒரு விவாதத்தைத் திருப்பி விட்டுச்சு, எனக்கு இதுல ரொம்பப் பெருமை.

ஈரோடு வாசகர்: "ப்ளாக் ஹோலை வச்சும் தேடுறாங்கனு சொல்றாங்களே?"

ஆமாங்க. சுத்துற ப்ளாக் ஹோலோட அளவும் டார்க் ஃபோட்டானோட அலைநீளமும் பொருந்தினா, அந்தச் சுழற்சியிலேர்ந்து எனர்ஜியை எடுத்துக்கிட்டு டார்க் ஃபோட்டான் மேகமா வளரும், ப்ளாக் ஹோல் வேகம் குறையும், சூப்பர்ரேடியன்ஸ்னு பேரு. சூரியனைப் போல 10 மடங்கு எடை உள்ள ப்ளாக் ஹோலுக்கு 10-இன் மைனஸ் 11 அடுக்கு எலக்ட்ரான் வோல்ட் பக்கம் பொருந்தும். வேகமா சுத்துற பழைய ப்ளாக் ஹோல் ஒண்ணு இருந்தா அந்த எடையில டார்க் ஃபோட்டான் இல்லைனு சொல்லலாம். இதுக்கு எப்சிலானே வேணாம், ஈர்ப்பு மட்டும் போதும், அது தான் இதோட பலம். ஆனா ப்ளாக் ஹோலோட வயசு, சுழற்சி ரெண்டையும் சரியா அளக்கறது கஷ்டம், அதனால இந்த எல்லைகளை நான் கொஞ்சம் எச்சரிக்கையா தான் எடுத்துப்பேன்.

திருச்சி வாசகர்: "எல்லாத்துலயும் இல்ல, இல்லைனு தான் வருது. இவ்வளவு செலவு பண்ணி இல்லைனு சொல்றதுக்கு எதுக்கு சார்?"

கோவமா கேட்டிருக்கீங்க, நியாயமான கேள்வி தான், அதனால நேரா சொல்றேன். மேல சொன்னதுல எந்தக் கருவியும் டார்க் ஃபோட்டானுக்குனு செலவு பண்ணிக் கட்டினது இல்ல. லோஃபார் சூரியனைப் பாத்தது சூரிய ஆராய்ச்சிக்கு. கோபே போனது பிரபஞ்சத்தோட ஆரம்பத்தை அளக்க, அதோட டேட்டாவை 20 வருஷம், 30 வருஷம் கழிச்சு வேற ஒருத்தங்க எடுத்து, அன்னிக்கு யாரும் கேக்காத கேள்வியைக் கேட்டிருக்காங்க. டேட்டாவைப் பத்திரமா வச்சு, எல்லாரும் எடுத்துப் படிக்கற மாதிரி வெளிய போட்டதால தான் இது நடந்துச்சு. நம்ம நாட்டு டெலஸ்கோப்புங்களும் பழைய டேட்டாவை இதே மாதிரி தொடர்ந்து திறந்து வைக்கணும்ங்கறது என் ஆசை, வேண்டுகோளும் கூட.

இல்லைனு வர்றதுக்கும் ஒரு எடை உண்டு. 30-லேர்ந்து 80 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் இவ்வளவு கலப்புக்கு மேல இல்லைனு தெரிஞ்சதும், லேப்ல கருவி கட்டறவங்க அந்த இடத்துல எவ்வளவு நுணுக்கம் வேணும்னு முன்னாடியே தெரிஞ்சுக்கிட்டு கட்டலாம், இல்லாட்டி வேற எடைக்குப் போகலாம். அதோட, டார்க் ஃபோட்டானுக்குக் குறிப்பிட்ட எடையைச் சொல்ற தியரியும் இருக்கு. 2016-ல கிரஹாம், மார்டன், ராஜேந்திரன் மூணு பேரும், பிரபஞ்சம் பொறந்த உடனே சடார்னு விரிஞ்ச காலத்து அலைகள்லேர்ந்தே தேவையான அளவு டார்க் ஃபோட்டான் தானா உண்டாகும்னு காட்டினாங்க, அதுல அந்த விரிவோட வேகம் தெரிஞ்சா எடையும் தெரிஞ்சுடும். அந்த மாதிரி தியரி எது நிக்கும் எது விழும்ங்கறதை இந்த 'இல்லை'ங்க தான் சொல்லப் போகுது.

தென்காசி பிளஸ் டூ மாணவி: "எனக்கு இதுல ஆர்வம் இருக்கு அண்ணா. ஊட்டி டெலஸ்கோப்புல இதைத் தேட முடியுமா? நான் இப்போ என்ன படிக்கணும்?"

ரொம்ப நல்ல கேள்விம்மா. ஊட்டி ரேடியோ டெலஸ்கோப் 1970-லேர்ந்து முத்தோரை மலைச்சரிவுல நிக்குது, 530 மீட்டர் நீளம், 30 மீட்டர் அகலம், கோவிந்த் ஸ்வரூப் கட்டினது. அது 326.5 மெகாஹெர்ட்ஸைச் சுத்தி ஒரு குறுகலான எல்லைக்குள்ள தான் கேக்கும். டார்க் ஃபோட்டானோட எடை என்னனு தெரியாதப்போ அகலமா தேடற கருவி தான் வேணும், அதனால இந்தத் தேடலுக்கு ஊட்டி முதல் தேர்வு கிடையாது. ஆஸ்திரேலியாவுல இப்போ கட்டிக்கிட்டு இருக்கற எஸ்கேஏ-லோங்கற ரேடியோ டெலஸ்கோப் 50-லேர்ந்து 350 மெகாஹெர்ட்ஸ் வரைக்கும் கேக்கும், மொத்தம் 1,31,072 ஆண்டெனா, இந்தியாவும் அந்தத் திட்டத்துல சேந்து 1,250 கோடி ரூபாய் ஒதுக்கியிருக்கு. நீ படிச்சு முடிச்சு வர்றப்போ அதோட டேட்டா குவிஞ்சு கிடக்கும்.

படிப்புன்னா இப்போதைக்கு பிளஸ் டூ இயற்பியல்ல மின்காந்த அலை, இரட்டைத் தன்மை ரெண்டு பாடத்தையும் ஆழமா படி, கூடவே பைத்தான் கத்துக்கோ, அப்புறம் பிஎஸ்சி இயற்பியலோ, ஐசர்ங்கற (IISER) மத்திய அறிவியல் கல்வி நிறுவனமோ எதுவா இருந்தாலும் சரி. இன்னிக்கே ஒரு கணக்கு போட்டுப் பாக்கலாம். மேல சொன்ன 9 பெருக்கல் வர்க்கமூலம் இருக்கே, அதை வச்சு ஊட்டியோட 326.5 மெகாஹெர்ட்ஸுக்குக் கரோனாவுல எவ்வளவு எலக்ட்ரான் நெருக்கம் வேணும்னு கண்டுபிடி, மெகாஹெர்ட்ஸை கிலோஹெர்ட்ஸ் ஆக்க மறந்துடாத. ஒரு கன சென்டிமீட்டருக்கு 132 கோடி பக்கம் வரணும். வந்துச்சுன்னா அடுத்து E = hf வச்சு டார்க் ஃபோட்டானோட எடையையும் எலக்ட்ரான் வோல்ட்ல போட்டு எனக்கு அனுப்பு, வழிமுறையோட சேத்து அடுத்த இதழ்ல போடறேன்.